டாக் அடியில் ஜிக்கைத் தத்த விட எந்த ராடு வாங்கலாம்?

கோடை மதியத்தில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர் முதலில் தேட வேண்டியது நிழலை. அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகருக்கு வடக்கே இருக்கும் லேக் நார்மன் மாதிரியான ஏரிகளில் அந்த நிழல் பெரும்பாலும் டாக்குகளுக்கு அடியில்தான் கிடைக்கும். கட்டாபா ஆற்றின் குறுக்கே கவன்ஸ் ஃபோர்டு அணையைக் கட்டி 1960-களில் உருவாக்கிய ஏரி அது. கரையின் நீளம் மட்டும் 800 கிலோமீட்டருக்கு மேல். கரையெல்லாம் வீடுகள், வீடுகளுக்கு முன்னால் தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் மரமேடைகள். அந்த மேடைதான் டாக். வீட்டுக்காரர் படகு கட்டிவைக்கப் போட்டது, மீனுக்கு வெயில் படாத இடமாகிவிட்டது.

டாக்கின் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே சில இடங்களில் இரண்டடி இடைவெளி இருக்கும். மிதக்கும் டாக் என்றால் ஒரு சாண்கூட இருக்காது. ராடை, அதாவது தூண்டில் கோலை, தலைக்கு மேலே கொண்டுபோய் வழக்கம்போல வீசினால் ஜிக் (கனமான தலை வைத்த தூண்டில் முள்) டாக்கின் ஓரத்தில் விழுந்து அங்கேயே மூழ்கிவிடும். பெரிய மீன் நிற்பதோ உள்ளே, வெளிச்சம் எட்டாத மூலையில். தண்ணீரின் மேல் தட்டித் தட்டி ஓடவிட்டால்தான் ஜிக் அதுவரை போகும். கண்மாயில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக வீசித் தத்த விடுவோமே, அதேதான். இதை ஸ்கிப்பிங் என்கிறார்கள். தென் கரோலினாவின் பிளாக்ஸ்பர்க்கைச் சேர்ந்த போட்டி மீன்பிடிப்பாளர் ஆண்டி மாண்ட்கமரி போன்றவர்கள் இந்த ஒரு வீச்சுக்காகவே பேர் வாங்கியிருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் இதற்கென்று ராடு வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களை நம்பி வாங்குகிறார்கள். நீளமான ராடு தூரம் போகும். ஜிக்குக்கு விறைப்பான ராடு வேண்டும். இரண்டும் பொதுவாக உண்மைதான். ஆனால் தத்த விடும் வீச்சுக்கு இரண்டுமே பொருந்தாது. ஏன் என்று புரிந்துவிட்டால் கடையில் எந்த ராடைக் கையில் எடுத்தாலும் அது ஆகுமா ஆகாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஜிக் தண்ணீரைத் தொடும் அந்த நொடி

ஜிக் என்றால் ஈயத்திலோ டங்ஸ்டனிலோ செய்த தலையோடு சேர்ந்த ஒற்றை முள். தலைக்குக் கீழே ஸ்கர்ட் எனப்படும் சிலிக்கோன் இழைகள் தொங்கும். முள்முனைக்கு முன்னால், கட்டையிலும் செடியிலும் மாட்டாமல் காக்க, விறைப்பான நார்க் கற்றை ஒன்று நிற்கும். அதற்கு வீட் கார்டு என்று பெயர். முள்ளில் ட்ரெய்லர் என்று ஒரு ரப்பர் துண்டையும் கோப்பார்கள், பெரும்பாலும் கொடுக்கு வைத்த, இறால் போன்ற நன்னீர் உயிரினமான கிரேஃபிஷ் வடிவில். கிரேஃபிஷ் என்றால் பாஸுக்கு உயிர்.

இது தண்ணீரில் மோதி மூழ்காமல் எகிற வேண்டுமானால் இரண்டு விஷயம் கூடி வர வேண்டும்: தாழ்வான பாதையில் வேகமாக வர வேண்டும், தட்டையான பக்கம் தண்ணீரில் பட வேண்டும். கல் தத்துவதை ஆய்வு செய்த பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 2004-இல் நேச்சர் இதழில் எழுதியது இது: கல்லின் தட்டை முகம் தண்ணீர் மட்டத்தோடு சுமார் 20 பாகைச் சாய்வில் இருந்தால் நன்றாகத் தத்தும். ஜிக்கில் அந்தத் தட்டை முகத்தைக் கொடுப்பது பெரும்பாலும் ட்ரெய்லர்தான். அதனால்தான் தத்த விடுகிறவர்கள் அகலமான, தட்டையான ட்ரெய்லரைப் படுக்கைவாக்கில் கோக்கிறார்கள். தலையும் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. உருண்டைத் தலை ஜிக்கில் மெல்லிய வால் ரப்பரைக் கோத்துவிட்டால், எத்தனை நல்ல ராடை வைத்து வீசினாலும் ஒரு தத்தோடு முங்கிவிடும்.

தாழ்வான பாதை ராடின் பொறுப்பு. ராடின் நுனி தண்ணீருக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குப் படுக்கையாக ஓட வேண்டும். அதுவும் முழுக் கை வீச்சில் இல்லை, மணிக்கட்டின் சின்னச் சுழற்சியில். நுனியிலிருந்து ஓரடி தூண்டில் நரம்பைத் தொங்கவிட்டு, ராடைத் தண்ணீரை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டால் ஒரு சின்ன வட்டம் போட்டு விடுவது. ஜிக் டாக்குக்கு ஓர் ஆள் நீளம் முன்னாலேயே தண்ணீரைத் தொட வேண்டும், அங்கிருந்து தத்தி உள்ளே போகும். நுனி நின்ற இடம் முட்டிக்குக் கீழே இருந்தால் வீச்சு சரி. தோள் உயரத்தில் நின்றால் ஜிக் மேலிருந்து இறங்கி வந்திருக்கிறது, தத்தாது.

நீளம்: தூரத்தை மறந்துவிட்டு உயரத்தைக் கணக்கிடுங்கள்

டாக்கிலிருந்து இருபது முப்பது அடி தள்ளிப் படகை நிறுத்தித்தான் இந்த வீச்சை வீசுகிறோம். அந்தத் தூரத்துக்கு எந்த ராடும் போதும். நீளத்தை முடிவு செய்வது உங்கள் கைக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள உயரம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். படகின் முன்தளத்தில் நிற்கிறீர்கள், ராடு பிடித்த கை தண்ணீரிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. 7 அடி ராடில் கைக்கு முன்னால் நீள்வது ஏறக்குறைய 6 அடி. அதை 45 பாகை கீழே சாய்த்தால் நுனி கைக்குக் கீழே நாலேகால் அடியில் வரும். தண்ணீருக்கு மேலே மூன்று அங்குலம் மிச்சம், சுழற்ற அது போதும். ஏழரை அடி ராடை அதே சாய்வில் பிடித்தால் நுனி தண்ணீருக்குள் போய்விடும். அதைத் தவிர்க்கக் கையைத் தூக்குவீர்கள், கை தூக்கியதும் ஜிக்கின் பாதையும் மேலே போகும். அரை அடி நீளத்தில் வீச்சே மாறிவிடுகிறது.

எனவே சராசரி உயரம் உள்ளவர் 6 அடி 10 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள் பார்ப்பது நல்லது. குட்டையானவருக்கு 6 அடி 8 அங்குலம்கூட வசதி. நல்ல உயரமானவர், அல்லது உயரமான தளம் உள்ள படகில் நிற்பவர், 7 அடி 2 அங்குலம் வரை போகலாம். ஜிக் ராடு என்று கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பல 7 அடி 3 அங்குலம் முதல் 7 அடி 6 அங்குலம் வரை இருக்கும். அவை ஆழத்தில் வீசி இழுப்பதற்கும், செடிப் புதருக்குள் நேராக இறக்குவதற்கும் செய்தவை. அந்த வேலைக்கு அருமையானவை, இந்த வேலைக்கு இல்லை. விற்பவர் “ஜிக்குக்கு இதுதான் சார்” என்று நீட்டினால் எந்த வீச்சுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

காயக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து வீசுபவர் கதை வேறு. கை ஏற்கெனவே தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் ராடைக் கீழே சாய்க்க இடம் கிடையாது. பக்கவாட்டில் படுக்கையாகச் சுழற்ற வேண்டும். அவருக்கு நுனியைவிடப் பின்பிடியின் நீளம்தான் தொந்தரவு தரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நுனி வளைய வேண்டும்

ராடு வாங்கும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான், நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பேன்.

தத்த விடும் வீச்சில் கை நகரும் தூரம் மிகக் குறைவு. அந்தச் சின்ன அசைவில் ஜிக்குக்கு வேகம் வர வேண்டுமானால் ஜிக்கின் எடை ராடின் நுனியைப் பின்னுக்கு வளைக்க வேண்டும். வளைந்த நுனி நிமிரும்போதுதான் ஜிக் பாயும். நுனி வளையாமல் விறைத்து நின்றால் மணிக்கட்டால் ஆகாது. கையை வெட்டி இழுத்து வீச வேண்டி வரும். அப்படி வெடுக்கென்று கிளம்பும் ஜிக் பெய்ட்காஸ்டிங் ரீலில் நரம்பு சுற்றியிருக்கும், வீசும்போது தானும் சுழலும் உருளையான ஸ்பூலையும் வெடுக்கென்று சுழற்றிவிடும். ஜிக் தண்ணீரைத் தொட்டதும் அதன் வேகம் குறையும், ஸ்பூலின் வேகம் குறையாது. அவிழ்ந்த நரம்பு வெளியே போக வழியில்லாமல் ரீலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பேக்லாஷ் என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான். ரீலைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை ராடின் நுனியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நுனி ரொம்பவே இளகி இருந்தாலும் சிரமம். கை நின்ற பிறகும் நுனி ஆடிக்கொண்டிருக்கும், ஜிக் எப்போது எந்தத் திசையில் கிளம்பும் என்று பிடிபடாது. டாக்கின் இரண்டு தூண்களுக்கு நடுவே குறிபார்த்து அனுப்பவே முடியாது.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தப்போகும் ஜிக்கை, ட்ரெய்லரையும் கோத்து, கடைக்கே எடுத்துப் போங்கள். ராடின் நுனி வளையத்தில் ஓரடி நரம்பால் கட்டித் தொங்க விடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து ராடைச் சுழற்றுங்கள். மேல்பாகத்தில் நான்கில் ஒரு பங்கு வளைந்து வளைந்து நிமிர வேண்டும், நடுப்பகுதி ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். நுனியின் கடைசி நான்கைந்து அங்குலம் மட்டும் துடித்தால் அந்த ராடு உங்கள் ஜிக்குக்கு விறைப்பு. பாதி ராடு வரை வளைந்து ஆடினால் இளகல்.

கடைக்குப் போக வழியில்லை, இணையத்தில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ராடின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான். பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நீளம், பவர், ஆக்ஷன், நரம்பு அளவு, லூர் (ஜிக் போன்ற செயற்கை இரை) எடை என்று வரிசையாக இருக்கும். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. ஆக்ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது: எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் நுனியில் மட்டும், ஃபாஸ்ட் மேல்பகுதியில், மாடரேட் நடுவரைக்கும். இவை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியின் ஹெவிக்குச் சமமாக இருக்கும். ஆகவே லூர் எடை என்று போட்டிருக்கும் எண்களுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். உங்கள் ஜிக்கின் எடை அந்த வரம்பின் நடுவில் விழுந்தால் நுனி ஒழுங்காக வளையும்.

ஆனால் ஜிக் பொட்டலத்தில் எழுதிய எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக் அடியில் அதிகம் புழங்குவது 3/8 அவுன்ஸும் 1/2 அவுன்ஸும், அதாவது சுமார் 10.6 கிராமும் 14.2 கிராமும். அதில் ட்ரெய்லர் சேராது. சதைப்பற்றான ட்ரெய்லர் ஏறினால் மொத்த எடை கணிசமாகக் கூடும். சமையலறைத் தராசில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு ராடைத் தேடுங்கள். 3/8 முதல் 1 அவுன்ஸ் வரை என்று போட்ட ராடு பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும்.

அடிப்பகுதி மட்டும் ஏன் முரட்டுத்தனமாக இருக்க வேண்டும்

நுனி இளகலாக வேண்டும் என்றால் மீடியம் ராடு வாங்கிவிடலாமே என்று தோன்றும். வீசும் வரை அது சரிதான். மீன் கடித்த பிறகுதான் தொல்லை.

ஜிக்கின் முள் கனமான கம்பியில் செய்தது. மீனின் வாயில் அது ஏற, முதலில் வீட் கார்டு நார்களை அமுக்க வேண்டும், அப்புறம் ட்ரெய்லரின் ரப்பரைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகு தாடை எலும்பு. நீங்கள் ராடை ஓங்கி இழுக்கும் பலத்தை ராடின் வளைவே குடித்துவிட்டால் முள் பாதியில் நிற்கும். முள் ஏறிவிட்டாலும் மீன் சும்மா வராது. டாக்கின் தூணைச் சுற்றி ஓடும். மிதக்கும் டாக் என்றால் அதைக் கரையோடு இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிவடம் தண்ணீருக்குள் இருக்கும். நரம்பு அதில் ஒருமுறை உராய்ந்தால் போதும், அறுந்துவிடும். முதல் சில நொடிகளில் மீனின் தலையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பியாக வேண்டும். அதற்குத்தான் ராடின் கீழ்ப்பாதியில் பலம்.

ஆகவே தேட வேண்டியது மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன், அதிலும் நுனி சற்று இளகின ஒன்று. மாடரேட் ஃபாஸ்ட் என்று எழுதியிருந்தாலும் பார்க்கலாம். தூண்கள் நெருக்கமாக, வடங்கள் நிறைய உள்ள டாக்குகளில் பெரிய மீனைத் தேடிப் போகிறவர்கள் ஹெவி எடுப்பார்கள். அவர்கள் கை பழகியவர்கள், விறைப்பான நுனியையும் சமாளிப்பார்கள். முதல் ராடாக அதை நான் சொல்ல மாட்டேன்.

இனி பின்பிடி. ரீல் பூட்டும் இடத்துக்குப் பின்னால் நீளும் பகுதி இது. கடையில் யாரும் கவனிப்பதில்லை, தண்ணீரில் இறங்கியதும் வேறு எதையும் கவனிக்க விடாது. மணிக்கட்டைச் சுழற்றும்போது அது முன்னங்கையின் அடியில் இடித்தால் சுழற்சி பாதியிலேயே நின்றுவிடும். ரீலோடு ராடைப் பிடித்து, பின்பிடியை முன்னங்கையோடு ஒட்டிப் பாருங்கள். முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே அது முடிந்துவிட வேண்டும். காயக்கில் போகிறவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே சோதித்துப் பார்ப்பது உத்தமம், ஜாக்கெட்டின் தடிப்பில் பின்பிடி இடிக்கும்.

கார்பனா ஃபைபர்கிளாஸா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஜிக் மூழ்கும்போது மீன் தொடுவதைக் கையில் உணரக் கார்பன் ராடுதான் உதவும். மாடுலஸ் (கார்பன் இழையின் விறைப்பு) எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்கும் விலையுயர்ந்த ராடுகள் எடை குறைவானவை, ஆனால் டாக்கின் ஓரத்தில் அடிபட்டால் விரிசல் விடவும் கூடும். இந்த வீச்சில் பழகும் காலத்தில் ராடு எதிலாவது இடித்துக்கொண்டேதான் இருக்கும், நடுத்தர விலையில் எடுங்கள்.

ரீலும் நரம்பும் சேர்ந்தால்தான் ராடு

பெய்ட்காஸ்டிங் ரீலில் பிரேக்கைச் சாதாரண வீச்சுக்கு வைப்பதைவிடக் கூட்டி வையுங்கள். ஒவ்வொரு தத்திலும் ஜிக் வேகம் இழக்கும், ஸ்பூலும் அதோடு சேர்ந்து குறைய வேண்டும். கட்டைவிரல் ஸ்பூலின் மேல் தடவியபடியே இருக்கட்டும், அழுத்த வேண்டாம். நரம்பு 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன், அதாவது பின்னாத ஒற்றை இழைப் பிளாஸ்டிக் நரம்பு. அதைவிட மெல்லியதில் ஜிக் அழகாகப் போகும், மீன்தான் திரும்பி வராது. பின்னல் நரம்பும் போடுவார்கள். அது உராய்வில் சீக்கிரம் நைந்துவிடும், சிக்கு விழுந்தால் பிரிப்பதும் கஷ்டம். எனவே முதலில் ஃப்ளூரோகார்பன்.

பெய்ட்காஸ்டிங்கே வேண்டாம், பயமாக இருக்கிறது என்றால் ஸ்பின்னிங் ராடில் தொடங்கலாம். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சுழல்வதில்லை, நரம்பு அதன் விளிம்பிலிருந்து வழுக்கி வெளியேறும். அதனால் பேக்லாஷ் பயம் கிடையாது. 7 அடிக்குள் மீடியம் ஹெவி, 20 அல்லது 30 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் லீடராக ஒரு துண்டு ஃப்ளூரோகார்பன். தண்ணீரில் ஜிக் எப்படித் தொட்டால் எப்படி எகிறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழக இதைவிட எளிய வழி கிடையாது. தூண்களுக்கு நடுவிலிருந்து பெரிய மீனை மல்லுக்கட்டி இழுக்கும் நேரத்தில் பெய்ட்காஸ்டிங்கின் பிடி இதில் வராது. 3/8 அவுன்ஸ் ஜிக்கோடு நிறுத்திக்கொண்டால் சமாளிக்கலாம்.

பழகுவதற்கு டாக் வேண்டியதில்லை. காற்றில்லாத காலையில், அலையில்லாத தண்ணீரில், திறந்த இடத்திலேயே தத்த விட்டுப் பாருங்கள். எத்தனை தத்து என்பது முக்கியமில்லை, நேர்கோட்டில் போகிறதா என்று பாருங்கள். வலமோ இடமோ வளைந்தால் ட்ரெய்லர் கோணலாகக் கோத்திருக்கிறது, அல்லது நுனி நேராக நிற்காமல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. நேராகப் போகத் தொடங்கிய பிறகு டாக் பக்கம் போகலாம். அது யாரோ ஒருவர் வீட்டின் டாக் என்பது நினைவிருக்கட்டும். 14 கிராம் ஈயம் அங்கே கட்டிய படகின் பக்கவாட்டில் மோதினால் பெயிண்ட் பெயர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் விரால் பிடிக்க ரப்பர் தவளை வீசுகிறவர்கள் இதே மாதிரி ராடை ஏற்கெனவே வைத்திருக்கக்கூடும். அதே 7 அடி மீடியம் ஹெவியில், கரையோரக் கருவேலங்கிளைக்கு அடியில் தவளையைத் தத்த விடலாம். தவளையின் வயிறு தட்டையாக இருப்பதால் ஜிக்கைவிட எளிதாகவே தத்தும். கரையில் நின்று வீசும்போது கால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கண்மாய்க் கரை மேட்டில் நின்றால் நுனி தண்ணீரை எட்டாது, முழங்கால் போட்டு உட்கார்ந்து வீச வேண்டியிருக்கும்.